காற்றுக்கு நாம் வைத்த பெயர்கள்: நொச்சிக்குப்பத்துக்கு ஒரு திறந்த மடல்

நொச்சிக்குப்பம் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், கடலுக்குப் போகிற அண்ணன் தம்பிமாருக்கும், லூப் ரோடு சந்தையில் மீன் விற்கிற அக்காமாருக்கும், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சென்னைக் கடற்கரையின் இந்த மீனவ ஊரில் பிறந்து, கல்யாணமாகி ஆவடிப் பக்கம் போய், இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிற உங்கள் ஊர்ப் பெண் எழுதுகிறேன். அப்பா கட்டுமரத்தில் போனவர். அம்மா மயிலாப்பூர்த் தெருக்களில் தலைக்கூடை சுமந்து மீன் விற்றவர். இருவரும் இப்போது இல்லை. மாசி மகத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்துபோகிறவள்தான் என்றாலும், கச்சான் காற்று வீசத் தொடங்கும் நாள் ஆவடியிலும் என் காதுக்குத் தெரிந்துவிடும்.

மடல் என்று எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடைகிற கரையிலிருந்து அந்தக் கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு, அலை மரத்தைப் புரட்டிப்போட்டாலும் நீந்திவந்து மறுபடி ஏறி, நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்நாளில் இங்கே வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் இதை வியந்து வியந்து எழுதிவைத்திருக்கிறார்கள். நூலகத்தில் வேலை என்பதால் அப்படிப்பட்ட புத்தகங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். சுமந்தவர் ஒருவரின் பெயர்கூட நான் படித்தவற்றில் இல்லை.

பிறகு நம்மைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அந்தக் காலத்து இனவியல் வழக்கப்படி இந்த மாகாணத்து மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். 1909-ல் அவர் ரங்காச்சாரியோடு சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பட்டினவர் என்று நமக்கும் சில பக்கங்கள் இருக்கின்றன. மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகள் எங்கிருந்து வந்தன என்று 1920-ல் ஒரு நீண்ட ஆய்வே எழுதினார். கட்டுமரத்தை மதித்து எழுதியவர் அவர். நம் சொல் கடல் தாண்டிப் போய், உலகத்தில் இரட்டை உடல் கொண்ட எந்தப் படகையும் கேட்டமரான் என்று அழைக்கும்படி ஆகிவிட்டது. கட்டுமரத்தின் கயிற்றுக்கட்டை எந்த முடிச்சில் தொடங்கி எந்த முடிச்சில் முடிப்பது என்பதை என் அப்பா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவருடைய அப்பா கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இந்த மடலை எழுதத் தூண்டியது ஒரு தொலைதூரத் தீவு நாட்டின் அருங்காட்சியகம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு நாடு. எண்பதுக்கு மேல் தீவுகள். மொத்த மக்களே ஏறத்தாழ மூன்று லட்சம்தான். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட அந்த நாடு 1980 ஜூலை 30-ல் விடுதலை பெற்றது. தலைநகரான போர்ட் விலாவில், நாடாளுமன்றத்துக்கு எதிரே, அவர்களுடைய தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூரைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னக் கட்டடம்.

ஆனால் அவர்கள் செய்த காரியம் பெரிது. அறிஞர்களைத் தீவுதீவாக அனுப்பிப் பொருள் சேர்ப்பதை மட்டும் நம்பாமல், 1970களின் பிற்பகுதியிலிருந்து அந்தந்த ஊர்க்காரரையே பதிவாளராக வைத்தார்கள். பெரும்பாலும் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர்கள், சம்பளம் வாங்காதவர்கள். தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கதையையும் பாட்டையும் சடங்கையும் செடிகொடிகளின் பெயர்களையும் தங்கள் மொழியிலேயே பதிந்துவைப்பது அவர்கள் வேலை. ஆண்டுக்கொரு முறை எல்லோரும் தலைநகரில் கூடுவார்கள். அந்த ஆண்டுக்கென்று ஒரு பொருளை முன்பே முடிவு செய்திருப்பார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் ஊரில் அதைப் பற்றிக் கேட்டறிந்ததைச் சொல்வார்கள். தீவுக்குத் தீவு ஒப்பிட்டுப் பேசுவார்கள். இது பல பத்தாண்டுகள் தொடர்ந்து நடந்திருக்கிறது.

வாய்வழிச் செய்தியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு அங்கேயே பதில் இருக்கிறது. ராய் மாட்டா என்ற தலைவர் இறந்தபோது இன்ன தீவில், அவரோடு இன்னாரையும் சேர்த்துப் புதைத்தார்கள் என்று அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஜோசே கராஞ்சே என்ற பிரெஞ்சு அகழாய்வாளர் அந்தச் சொல்லை நம்பி 1967-ல் தோண்டினார். சொன்ன தீவில், சொன்னபடியே கல்லறை இருந்தது. நடந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2008-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எனக்கு இந்த நாடு தெரியவந்தது பெண்கள் வழியாக. லிசாண்ட் போல்டன் என்ற ஆய்வாளர், அந்த நாட்டின் அம்பே தீவில் பெண்கள் முடையும் பாய்களைப் பற்றி எழுதிய புத்தகம் எங்கள் நூலகத்துக்கு வந்தது. அட்டை போட்டு எண் ஒட்டும்போது திறந்தவள், மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் படித்தேன். அங்கும் வெகுகாலம் மரபு என்றால் ஆண்களின் சடங்கு, ஆண்களின் பேச்சு என்றுதான் இருந்ததாம். 1990களில்தான் பெண் பதிவாளர்கள் வந்தார்கள். தாழையோலையைப் பதப்படுத்துவதும், பாய்க்குச் சாயமேற்றுவதும், எந்தப் பாய் எந்தச் சடங்குக்கு என்பதும் அதற்குப் பிறகே நாட்டின் சொத்து என்ற கணக்கில் சேர்ந்தன.

படித்து முடித்ததும் அம்மாவைத்தான் நினைத்தேன். செவுளை விரலால் தூக்கிப் பார்த்து மீன் நேற்றையதா இன்றையதா என்று சொல்வார். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு வஞ்சிரம், எந்த வீட்டுக்குக் காரப்பொடி, எவர் வெள்ளிக்கிழமை வாங்கமாட்டார், எவர் புரட்டாசி முழுக்கக் கதவைத் திறக்கமாட்டார் என்பதெல்லாம் எழுத்தறியாத அந்தத் தலைக்குள் இருந்தது. கருவாட்டுக்கு உப்பு எவ்வளவு என்பதை அன்றைய காற்றின் ஈரத்தை முகத்தில் வாங்கிப் பார்த்து முடிவுசெய்வார். இதையெல்லாம் நான் கேட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். நூலகத்தில் ஊரார் புத்தகங்களுக்கெல்லாம் எண் போட்ட நான், பெற்ற தாயின் அறிவில் ஒரு பக்கம்கூட எழுதிவைக்கவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

வனுவாட்டுக்காரர்களுக்கும் நமக்கும் ஒரு நெருக்கம் உண்டு. ஈர மணலிலோ எரிமலைச் சாம்பலிலோ கட்டம் போட்டு, விரலை எடுக்காமல் ஒரே இழையாக ஓட்டி, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கும் மணல் கோலம் அவர்களுடையது. நம் சிக்குக் கோலத்தின் உடன்பிறப்பு போலிருக்கும். 1914-ல் அங்கே போய்த் தங்கி ஆராய்ந்த ஜான் லேயர்ட் என்ற ஆங்கிலேயர், பிற்பாடு 1937-ல் இந்த இரண்டையும் ஒப்பிட்டே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் வாசலில் அம்மாக்கள் தினமும் போட்டு அழிப்பதற்குச் சமமான ஒன்றை, யுனெஸ்கோ 2003-ல் மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. கேட்டுப் பெற்றவர்கள் அவர்கள்.

இப்போது நம் ஊர்.

நம்மிடம் இருப்பது என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். குடியிருப்பு அடுக்குகளையும் லூப் ரோட்டையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கண்ணுக்குத் தெரிகிற பழசு எதுவும் இங்கே மிஞ்சவில்லை என்பது உண்மைதான். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறிவந்தபோது அப்பாவின் கட்டுமரமும் போனது. அதற்குப் பிறகு உதவியாக வந்தவை பைபர் படகுகள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் வைத்த பைபர் வந்த பிறகுதான் பல வீடுகளில் கடனும் அடைந்தது, பிள்ளைகளும் கல்லூரிக்குப் போனார்கள். ஆனால் மரத்தைத் தேர்ந்தெடுப்பதும், செதுக்குவதும், கட்டுவதும், தொழில் முடிந்து வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவதும் ஒரே தலைமுறையில் நின்றுபோயின. நம் ஊரில் இன்று கட்டுமரம் கட்டத் தெரிந்தவர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும்.

இதற்கெல்லாம் மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்கு நாம் வைத்த பெயர்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி என்று தண்ணீருக்கு வைத்த பெயர்கள். எந்தக் காற்றோடு எந்த நீரோட்டம் சேர்ந்தால் எந்த வலை போடலாம், அன்றைக்குக் கவலை மீன் கிடைக்குமா இறால் கிடைக்குமா, எந்த நிறத்துக்குத் தண்ணீர் மாறினால் வலையே போடக்கூடாது என்ற கணக்குகள். சென்னையின் பெருமையான இந்த மெரினா மணலே அந்தக் கணக்குக்குள் அடங்கியதுதான். 1870களில் தொடங்கித் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைபட்டுத் தென்புறம் குவிந்தது. வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. பொறியாளர்கள் கட்டிப் பார்த்துக் கற்ற பாடம் அது. தண்ணீர் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்தவர்களுக்கு அதில் என்ன ஆச்சரியம் இருந்திருக்கும்?

கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டான பார் இருக்கும் இடத்தைக் கரை அடையாளம் வைத்துக் கண்டுபிடிப்பார் அப்பா. சாந்தோம் கோயில் கோபுரத்தைப் பரங்கிமலையோடு சேர்த்து ஒரு கோடு, வடக்கே இன்னொரு அடையாளத்தோடு ஒரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் கல்லை இறக்கு என்பார். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது, கோபுரங்களை மறைக்கிற கட்டடங்களும் இருக்கின்றன. அந்த அடையாளங்களைச் சொல்லத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்.

பதிவு செய்ய யாரும் வரவில்லையா என்றால், வந்தார்கள். சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்து, மூன்று நாள் அப்பாவைப் பேசவைத்துப் பதிந்துகொண்டு போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். திண்ணையில் உட்கார்ந்து குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள். பிரதி அனுப்புகிறோம் என்றார்கள். அப்பா ஒரு வருஷம் வரைக்கும் விசாரித்தார், பிறகு விட்டுவிட்டார். அவர் இறந்த பிறகு அந்தக் குரலைத் தேடி நான் அலைந்தேன். இன்றுவரை கைக்கு வரவில்லை. என் அப்பாவின் குரல் ஏதோ ஓர் அலமாரியில், எனக்குத் தெரியாத ஒரு பெட்டியில் கிடக்கிறது.

வனுவாட்டு இதற்கும் ஒரு வழி செய்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவது பெருகியபோது, 1985 முதல் 1994 வரை அத்தகைய ஆய்வுகளுக்குத் தடையே போட்டார்கள். தடையை நீக்கியபோது நிபந்தனைகளோடு நீக்கினார்கள்: ஊர்க்காரரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், எடுத்ததின் பிரதியை ஊருக்குத் தர வேண்டும். அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு காப்பறையும் வைத்திருக்கிறார்கள். பதிவைத் தந்த குடும்பமோ ஊரோ இன்னார்தான் கேட்கலாம் என்று சொன்னால், அந்தச் சொல்படிதான் அது திறக்கும். காட்டாமல் பத்திரமாக வைத்திருக்கவும் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று நான் கற்றது அங்கேதான்.

நமக்கு இது மிகவும் முக்கியம். பார் இருக்கும் இடங்களை நாம் வரைந்து ஊரறியத் தொங்கவிட்டால், அடுத்த வாரமே விசைப்படகுகள் வந்து இழுவலை போட்டு வழித்துக்கொண்டு போகும். ஆகவே அது பூட்டில் இருக்க வேண்டும். சாவி பஞ்சாயத்திடம் இருக்க வேண்டும். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு எல்லோர் காதுக்கும் போகட்டும். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று நாமே உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும். வேறு யாரும் நமக்காக அதைச் செய்ய முடியாது.

ஒரு கட்டடம் கட்டிப் பொருட்களை வைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். நமக்கு இன்னும் பக்கத்திலிருக்கும் தீவு நாடு மாலத்தீவு. தோணி என்ற நம் சொல்லைத்தான் அவர்களும் தங்கள் படகுக்குச் சொல்கிறார்கள். மாலேயில் அவர்களுடைய தேசிய அருங்காட்சியகத்துக்குள் 2012 பிப்ரவரி 7 அன்று ஒரு கும்பல் புகுந்து, இஸ்லாத்துக்கு முந்தைய காலத்துப் பவளக்கல் சிலைகளைப் பெரும்பாலும் உடைத்துப்போட்டது. நூற்றாண்டுகள் தாங்கியவை ஒரே நாளில் தூளாயின. பொருள் ஓரிடத்தில் இருக்கும். அறிவு பல தலைகளில், பல நோட்டுகளில், பல ஊர்களில் இருக்க முடியும்.

இதில் நம் பிழைப்பும் இருக்கிறது என்று பஞ்சாயத்துப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி கட்டுமரங்களையும் வலைகளையும் கரையிலிருந்து அகற்ற வந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டுக் கடைகளை எடுத்தபோது, சாலையை ஆக்கிரமித்தவர்கள் என்று நம் அக்காமாரைச் சொன்னார்கள். சாலைக்கு முன்பிருந்தே அது நாம் மீன் இறக்கி விற்ற கரை என்பதற்கு நாம் என்ன காட்டினோம்? போராடினோம், பேசினோம்; 366 கடைகளோடு சந்தை வந்தது. ஆனாலும் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2011-ம் ஆண்டு அறிவிக்கை, மீனவ ஊர்களையும் மீன் காயவைக்கும் இடம் போன்ற அவர்களுடைய பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. படகு ஏற்றுகிற இடம், வலை உலர்த்துகிற இடம், பெரிய வலை இழுக்கிற இடம் எல்லாவற்றுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. அந்தப் பெயர்களை நாம் எழுதிக் கொடுக்காவிட்டால், வரைகிறவர் அங்கே வெறும் மணல் என்றுதான் எழுதுவார்.

நம் ஊர்ப் பெயரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பழைய தமிழ் இலக்கணத்தில் நொச்சி என்பது ஒரு திணைக்கும் பெயர். பகைவர் வந்து முற்றுகையிடும்போது, நொச்சிப் பூவைச் சூடிக்கொண்டு உள்ளே நின்று மதிலைக் காப்பவர்களின் திணை அது. யார் வைத்த பெயரோ, கரையிலே நொச்சி வளர்ந்து கிடந்ததால்தான் வைத்திருப்பார்கள். இருந்தாலும் இதைப் படித்த நாளிலிருந்து என் ஊர் எது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் நிமிர்ந்தே சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. பஞ்சாயத்தார் ஓர் அறை தாருங்கள். சமுதாயக் கூடத்தில் ஒரு மூலையானாலும் சரி, பூட்டுகிற அலமாரி இருந்தால் போதும். படிக்கிற பிள்ளைகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முன்வாருங்கள். முதல் வருஷம் காற்றையும் தண்ணீரையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் டூமிங் குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம், வடக்கே நடுக்குப்பம், அயோத்திக்குப்பம் ஆகிய ஊர்களுக்கும் சொல்லி அனுப்புவோம். ஒரே காற்றுக்கு அங்கே வேறு பெயர் இருக்கலாம், அதுவும் வேண்டும். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூர் குப்பத்தில் மூத்த மீனவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் நாள் பார்த்துக் குறித்துவைத்தது, ஆய்வாளர்களே வந்து கற்கிற பதிவாக ஆகியிருக்கிறது. நம்மவர்களால் முடியும் என்பதற்கு ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்திலேயே சாட்சி இருக்கிறது. அடுத்த வருஷம் வலைகள்: கவலை வலை, பண்ணு வலை, நண்டு வலை, மணி வலை, பெரிய வலை. அதற்கடுத்த வருஷம் அக்காமாரின் வியாபாரம். அதை நான் விடமாட்டேன்.

பேச்சை அப்படியே எழுதுங்கள். 'காத்து' என்றால் 'காற்று' என்று திருத்த வேண்டாம். சொன்னவர் பெயரையும், அவர் அப்பா பெயரையும், தேதியையும் கட்டாயம் எழுதுங்கள். தொப்பிக்குள் கடிதம் சுமந்தவர்களைப்போல இவர்களும் பெயரில்லாமல் போய்விடக் கூடாது. பதிந்ததைச் சொன்னவர் வீட்டுக்கே முதலில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பிரதியை அந்த வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

நோட்டுகளும் அலமாரியும் என் செலவு. எண் போட்டு அடுக்குவதும், பட்டியல் எழுதுவதும் என் தொழில். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு வந்துவிடுகிறேன். ஐப்பசியில் கடல் சீறத் தொடங்கினால் பெரியவர்கள் கரையிலேயே உட்கார்ந்து வலை பொத்துவார்கள். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். பக்கத்தில் போய் உட்காருங்கள், பிள்ளைகளே. முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "தாத்தா, இன்னைக்கு என்ன காத்து?"

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்